இறந்த நண்டின் நலவாழ்வு

தொடங்கிய நாளிலிருந்து அந்த மையத்தில் ஓர் உயிர்கூடச் சாகவில்லை. வாசலில் மாட்டியிருந்த பலகை அதைப் பெருமையுடன் அறிவித்தது: 'இறப்பு: சுழியம்.' அதற்கு மேலே மையத்தின் முழுப்பெயர் இருந்தது. கடல்வாழ் முதுகெலும்பில்லா உயிரினங்களின் நோய், எதிர்ப்பாற்றல் மற்றும் நலவாழ்வு உயராய்வு மையம். பேருந்து நடத்துநரிடம் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நிறுத்தம் தாண்டிவிடும் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதை நண்டு ஆபீஸ் என்றார்கள்.

இறப்பு இல்லாததற்குக் காரணம், அங்கே உயிரினம் எதுவும் இல்லை என்பதுதான். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, முன்பு முட்டைக்கோழிகள் இருந்த ஒரு நீண்ட கொட்டகையில் மையம் அமைந்திருந்தது. கடலைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் லாரியில் உட்கார வேண்டும். ஆனாலும் கடல்நீருக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. மருதாசலம் தன் டேங்கர் லாரியில் பரங்கிப்பேட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்புவார். பழைய தண்ணீரை ஏற்றிக்கொண்டு போய்க் கடலிலேயே விடுவார். இரண்டு தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டார். பழைய தண்ணீரில் ஆய்வு நடந்திருக்கிறது என்று பதில் வந்தது. அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

இயக்குநர் தீனதயாளன் கோழி மருத்துவர். செத்த கோழியைக் கையில் வாங்கி, கத்தரியால் ஒரே வெட்டில் பிளந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று மாவட்டம் முழுவதும் புகழ் பெற்றவர். கோழிப் பண்ணையின் ஒழுங்குகளை அவர் அப்படியே மையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். வாசலில் ஒரு பள்ளம் கட்டி, ஊதா நிற மருந்துத் தண்ணீர் ஊற்றிவைத்திருப்பார்கள். அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. அங்கே வேலை பார்ப்பவர்களைக் கோயில் திருவிழாவில்கூட அடையாளம் கண்டுவிடலாம். குதிகால் ஊதாவாக இருக்கும். தொட்டி அறைக்குள் நுழையும் முன் கதவை மூன்று முறை தட்ட வேண்டும், கோழிகள் மிரளாமல் இருப்பதற்காக. உள்ளே வானொலி மெல்லிய ஒலியில் பாடிக்கொண்டே இருக்கும். அன்புச்செல்வி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் இருந்தது. தண்ணீர் மிரளக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அதற்குமுன் நூல் மில்லில் இருந்தாள். மில்லை மூடிவிட்டார்கள். அவள் கணவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. இங்கே ஓராண்டு தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்றார்கள். ஓராண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அந்த நேரத்தில் தலைமையிடத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. மதிப்பீட்டுக் குழு வருகிறது. மையத்தின் சாதனை பாராட்டத்தக்கது. வரும்போது ஓர் உயிரினத்தையாவது பார்க்க இயலுமா?



நலவாழ்வு அலுவலர் குணசீலன் அன்றே சேலம் மீன் மார்க்கெட்டுக்குப் போய், கொடுக்குகள் நைலான் கயிற்றால் கட்டப்பட்ட ஒரு பெரிய சேற்று நண்டை வாங்கி வந்தார்.

"கடைக்காரன் ஏதாச்சும் கேட்டானா?" என்றார் இயக்குநர்.

"கொழம்புக்கா வறுவலுக்கான்னு கேட்டான் சார். நலவாழ்வுக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அப்படீன்னா சூப் வெச்சுக் குடுங்க, நெஞ்சுச் சளிக்கு நல்லதுன்னான்."

கயிற்றை அவிழ்ப்பது பற்றி அவசரக் கூட்டம் நடந்தது. கட்டிவைத்திருப்பது வதை என்றார் குணசீலன். அவிழ்த்தால் பணியாளர்களுக்கு ஆபத்து என்றார் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். நண்டு மேசை நடுவில் ஒரு தட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. உயிரினத்தின் விருப்பத்தையும் அறிய வேண்டும் என்று முடிவாயிற்று. குணசீலன் குனிந்து அதன் முகத்தருகே முகம் வைத்தார். அது நுரை தள்ளியது. சம்மதம் என்று பதிவு செய்யப்பட்டது.

அவிழ்ப்பவர் காப்பீடு இல்லாத ஒருவராக இருந்தால் பிற்பாடு எழுத்து வேலை குறையும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அன்புச்செல்வியைப் பார்த்தார்கள்.

கயிறு அறுந்ததும் நண்டு அவள் விரலைப் பிடித்தது. இரத்தம் வழிந்தது. குணசீலன் பதறி ஓடிவந்து நண்டைப் பரிசோதித்தார்.

"பயந்திருச்சு பாரும்மா. திடீர்னு கையை இழுத்தா அதுக்கு எப்படி இருக்கும்?"

"கைக்கு மருந்து ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

"முதுகெலும்பு உள்ளவங்க நம்ம வரம்புக்குள்ள வரமாட்டாங்கம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அவள் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள்.

நண்டுக்குத் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வீடாகப் போடப்பட்டது. குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது அதன் தனிமை உரிமையை மீறுவது என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் இரவும் பகலும் ஓடியது. அன்புச்செல்வி அருகில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலி கிடையாது, நாற்காலியின் நிழல் நண்டுக்கு மனஅழுத்தம் தரலாம். மாலையில் கோழிப் பண்ணைக் காலத்து அட்டையை நிரப்ப வேண்டும். தீவனம், தண்ணீர், இறகின் நிலை. இறகு என்ற இடத்தில் அவள் முதல் நாள் 'இல்லை' என்று எழுதினாள். குணசீலன் முகம் வெளிறிப்போயிற்று. 'இல்லை' என்றால் உதிர்ந்துவிட்டது என்று மேலே நினைப்பார்கள், 'சரி' என்று எழுது என்றார். அவள் 'சரி' என்று எழுதினாள்.

இயக்குநர் அவளைத் தனியே அழைத்தார்.

"இங்க பாரு அம்மிணி. குழு வந்துட்டுப் போற வரைக்கும் இந்த நண்டு உசுரோட இருந்தா உன்ற வேலை நிரந்தரம். வாசல் பலகையில சுழியம் ஒண்ணா மாறுச்சுன்னா நீ வேற எடம் பார்த்துக்கலாம். நான் மெரட்டலை. நலம் விரும்பிச் சொல்றேன்."

அவர் முகத்தில் மிரட்டலே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சில நாட்களில் நண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. போட்ட இறால் போட்ட இடத்திலேயே கிடந்தது. வழக்கமாக அவள் நிழலைக் கண்டால் கொடுக்கைத் தூக்கும், இப்போது தூக்கவில்லை. ஓடு மங்கி, அழுக்குப் பிடித்த பித்தளைப் பாத்திரம் போலாகிவிட்டது. குழாயின் வாயில் ஒதுங்கி அசையாமல் கிடந்தது. அவளும் அசையாமல் நின்றாள். மோட்டார் குமிழ்களை விட்டுக்கொண்டிருந்தது. வானொலியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் நகர்ந்ததா, தண்ணீர் அசைந்ததா என்று தெரியாமல் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் கொதிக்கும் உலையின் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நண்டு சரியில்லீங்க. தின்ன மாட்டேங்குதுங்க."

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. நோய் ஆராய்ச்சி மையத்துல நோய்னு வெளியில தெரிஞ்சா நம்ம பேரு என்னாகும்?"

"மேடத்துகிட்டக் காட்டலாங்களா?"

மேடம் என்பது தீபிகா. நண்டுகளின் எதிர்ப்பாற்றலில் முனைவர் பட்டம் வாங்கியவள் அந்த மையத்தில் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு விருந்தினர் வரவேற்பைக் கொடுத்திருந்தார்கள். குழுவுக்குப் பொன்னாடை நெய்யச் சொல்லி அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் வீட்டில் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா பொன்னாடையோட வரட்டும். அதுவரைக்கும் நண்டு நல்லா இருக்கு" என்றார் இயக்குநர்.

மறுநாள் காலை அன்புச்செல்வி கதவை மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போனாள். நண்டு தொட்டியின் நடுவில் கிடந்தது. கால்கள் தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கண்களில் ஒன்றும் இல்லை. கையை விட்டு எடுத்தாள். வெயிலில் காய்ந்த வடகம் போல எடையே இல்லாமல் இருந்தது. பட்டினி கிடந்து இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அது நண்டுக்கா வேலைக்கா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இயக்குநருக்குச் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஊதாத் தண்ணீரில் கடைசியாகக் கால் வைத்தாள்.

பின்னால் சத்தம் கேட்டது. இயக்குநர் கையில் கத்தரியோடு ஓடிவந்தார். முகம் ஒளிவிட்டது.

"எங்க போற?"

"ஊட்டுக்குங்க சார்."

"நீ போனா எப்படி? நீதான் நேரில் பார்த்த சாட்சி!"

அவர் நண்டைப் பிளந்திருந்தார். ஒரே வெட்டுதான். உள்ளே ஒன்றும் இல்லை. ஈரல் இல்லை, குடல் இல்லை, சதை இல்லை. கால்களுக்குள்ளும் வெற்றிடம். முப்பதாண்டு அனுபவத்தில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இருப்பதை முழுதாகத் தின்றுவிடும் நோய். முதுகுப் பக்கம் மட்டும் ஒரு வெடிப்பு. நோய் வெளியேறிய வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று பகல் கூட்டத்தில் அவர் பேசினார்: "எதிர்ப்பாற்றல் குறைவு என்று உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. நாம் அதையும் கடந்துவிட்டோம். உள்ளே எதுவுமே இல்லாதபோது எதிர்ப்பாற்றல் மட்டும் எப்படி இருக்கும்? இந்த வெறுமையைக் கண்டுபிடிக்க நம்மைவிடத் தகுதியான நிறுவனம் வேறெதுவும் இல்லை." கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நோய்க்கு 'நாமக்கல் உள்வெறுமை நோய்' என்று பெயரிட்டார்கள்.

மாலையில் பொன்னாடை மூட்டையோடு திரும்பிய தீபிகா, தட்டிலிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சார், இது நண்டு இல்ல. ஓடு. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வந்துரும். அதுக்கு முன்னாடி சாப்பிடாது, அசையாது. கோழி இறகு உதிர்க்கிற மாதிரிதான்."

"நான் கோழி டாக்டரும்மா" என்றார் இயக்குநர் பொறுமையாக. "கோழி இறகைத்தான் உதிர்க்கும். கோழியையே உதிர்க்காது."

"அப்ப நண்டு தொட்டியிலதான் இருக்கணும். அந்தக் குழாய்க்குள்ள ஒரு தடவை..."

"தனிமை உரிமை" என்று நினைவூட்டினார் குணசீலன்.

இயக்குநர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்க ஒப்பந்தம் எந்த மாசத்தோட முடியுதும்மா?"

தீபிகா பொன்னாடைகளை மடிக்கத் தொடங்கினாள்.

செய்தி மேலே போயிற்று. பாராட்டு வந்தது, ஆய்வுக்கென்று பெரிய தொகை வரப்போவதாகத் தகவல் வந்தது. வாசல் பலகையில் சுழியத்தை அழித்து 'இறப்பு: ஒன்று' என்று தங்க நிறத்தில் எழுதினார்கள். அன்புச்செல்வியின் வேலையைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை. நோய் கண்ட இடம் என்று தொட்டியைச் சுற்றி நாடா கட்டினார்கள். குழு பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது. மோட்டாரின் சுவிட்சையும் தொடக்கூடாது என்பதால் அது ஓடிக்கொண்டே இருந்தது.

நண்டு வெளியே வந்தது அதன்பிறகு சில நாள் கழித்துத்தான். அன்புச்செல்வி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாயின் வாயிலிருந்து ஒரு கொடுக்கு நீண்டது. முன்பைவிடப் பெரிது. கழுவி வைத்தது போலப் பச்சை. முழு உடலும் வந்தது. அவள் நிழலைக் கண்டதும் கொடுக்கைத் தூக்கியது.

அவள் ஈரச் சாக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். முதலில் வந்தது மகிழ்ச்சிதான். செத்துப்போனதற்கு உயிர் வந்ததைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் வரும். அடுத்ததாக வாசல் பலகையின் தங்க எழுத்து நினைவுக்கு வந்தது. சாக்கைக் கீழே போட்டுவிட்டு இயக்குநரைக் கூப்பிடப் போனாள்.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு நால்வர் தொட்டியைப் பார்த்து நின்றார்கள். இயக்குநர், குணசீலன், தீபிகா, அன்புச்செல்வி. வானொலியை யாரோ நிறுத்தினார்கள். நண்டு ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பிப் பார்த்தது.

"இந்த நண்டு செத்தது ஊருக்கே தெரியும்" என்றார் இயக்குநர் கடைசியில். "இதுக்குத் தெரியலைன்னா அதுக்கு நாம பொறுப்பு இல்ல."

"வலியில்லாம முடிச்சு வெச்சிரலாம் சார்" என்றார் குணசீலன். "அதுக்கு முறை இருக்கு. ஆனா உயிரோட இருக்கிறதாப் பதிவான உயிரினத்துக்குத்தான் அனுமதி கேட்க முடியும். இது செத்ததாப் பதிவாயிருக்கு. செத்ததைக் கொல்ல விதியில எடமில்ல."

"அனுமதி இல்லாம?"

குணசீலன் காதுகளைப் பொத்திக்கொண்டார். "சார்! நான் நலவாழ்வு அலுவலர்."

"அப்ப உயிரோட பதிவு பண்ணு."

"பதிவு பண்ணணும்னா வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சான்று சொல்லணும். குழுத் தலைவர் மாதிரி யாராவது. அவர் பார்த்துட்டாருன்னா அன்னிக்கே பதிவு பண்ணி, அன்னிக்கே அனுமதி வாங்கி, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிரலாம். ஆனா பார்த்துட்டாருன்னா நம்ம நோய் என்னாகும்?"

மோட்டார் மட்டும் கொப்பளித்தது.

"அப்ப யாரும் பார்க்கலை" என்றார் இயக்குநர். "நாமும் பார்க்கலை. தொட்டி காலி." அன்புச்செல்வியின் பக்கம் திரும்பினார். "உன்ற வேலை இனி இதுலதான் இருக்கு அம்மிணி. மொதல்ல அது உசுரோட இருக்கோணும்னு சொன்னேன். இப்ப அது செத்திருக்கோணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவளுக்கு ஒன்றே ஒன்று புரிந்தது. இதைப் பார்த்ததாக யார் சொன்னாலும் இது சாகும்.

இறந்த உயிரினத்துக்குத் தீவனம் ஒதுக்க முடியாது என்பதால் இறால் நின்றுபோயிற்று. அவள் தன் தூக்குப்போசியிலிருந்து அவித்த முட்டையைக் கிள்ளிப் போட்டாள். நண்டு இரண்டு கொடுக்காலும் பிடித்து, பல் போன கிழவர் முறுக்குத் தின்பது போல நிதானமாகத் தின்றது. மாலையில் அட்டையை நிரப்பினாள். தீவனம்: இல்லை. இறகு: சரி.

"மேடம், இதைய என்னங்க பண்றது?" என்று தீபிகாவிடம் கேட்டாள்.

தீபிகா கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஈரச் சாக்குல சுத்தி வெச்சா தண்ணி இல்லாமலே ரெண்டு மூணு நாள் தாங்கும். நான் சொல்லலை."

"நீங்க எதுவும் சொல்லலீங்க."

குழு வந்தது. தலைவர் மெலிந்த மனிதர். குரல் மட்டும் பெரியது. எல்லோரும் செருப்பைக் கழற்றி, கால்சட்டையை உயர்த்தி, ஊதாத் தண்ணீரில் இறங்கி ஏறினார்கள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

தலைவர் நாடாவை நெருங்கித் தொட்டிக்குள் பார்த்தார். நண்டு நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. பொன்னாடையின் சரிகை மின்னியதைக் கண்டு கொடுக்கைத் தூக்கியது.

தலைவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது?"

"நோய் தாக்கிய தொட்டிங்க ஐயா" என்றார் இயக்குநர். "இப்போது காலி."

தலைவர் குணசீலனைப் பார்த்தார். குணசீலன் குனிந்து பார்த்து, "காலி" என்றார். உடன் வந்த இரண்டு உறுப்பினர்களும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவர்கள் தம் கையொப்பத்தோடு ஆய்வுத் தொகையை ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார்கள். காலி என்றார்கள். தீபிகா சுவரில் ஒட்டியிருந்த தனிமை உரிமையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கே நிற்கும் அம்மா சொல்லட்டும்" என்றார் தலைவர். "சாதாரண மக்களின் கண் பொய் சொல்லாது. என்னம்மா, உள்ளே ஏதாவது இருக்கிறதா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நண்டும் அவளைப் பார்த்தது. முட்டை நேரம் என்று நினைத்திருக்கலாம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அன்புச்செல்வி.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். தலைவர் தலையசைத்தார். பிறகு மோட்டாரைச் சுட்டிக்காட்டினார்.

"அப்படியென்றால் காலித் தொட்டிக்கு ஏன் காற்று? மின்சாரம் நாட்டின் சொத்து. நிறுத்துங்கள்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நண்டைப் பார்த்தாள்.

"சுவிட்சு அம்மிணி" என்றார் இயக்குநர்.

அவள் நகரவில்லை.

"அன்புச்செல்வி."

அவள் போய் அணைத்தாள். குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. கடைசிக் குமிழ் உடைந்தபின் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

தலைவர் அங்கேயே உரையாற்றத் தொடங்கினார். "வாய் இல்லாத உயிர்களின் வலியை உணர்வதற்கு ஒரு நுண்மையான மனம் வேண்டும். இந்த அறைக்குள் நுழைந்ததும் அந்த மனம் இங்கே இருப்பதை நான் உணர்ந்தேன்..."

அன்புச்செல்வி தொட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். உரை நீண்டது. பல நாள் மாற்றாத பழைய தண்ணீர் அது, காற்று நின்றால் நண்டுக்கு மூச்சு முட்டும். மருதாசலம் புதுத் தண்ணீரோடு அன்று காலைதான் வந்து வாசலில் காத்திருந்தார். நண்டு அடியில் இருமுறை சுற்றி வந்தது. மேலே எழும்பப் பார்த்து விழுந்தது. பிறகு காற்றுக் குழலைக் கொடுக்கால் பற்றியது. ஏறத் தொடங்கியது.

"...ஒரு சிறிய உயிரின் சிறிய அசைவைக்கூடக் கவனிக்கத் தவறாத கண்கள்..."

நண்டு தொட்டியின் விளிம்புக்கு வந்து நுரை தள்ளியது. விளிம்பில் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழுந்தது.

தலைவர் நிறுத்தினார். யாரும் கீழே பார்க்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

நண்டு பக்கவாட்டில் நடந்தது. நகங்கள் தரையில் டக்டக்கென்று ஒலித்தன. முதல் உறுப்பினர் கூரையைப் பார்த்தபடி வலது காலைத் தூக்கினார். அது கடந்ததும் வைத்தார். இரண்டாவது உறுப்பினர் இரண்டு காலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வைத்தார். குணசீலன் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். இயக்குநரின் வேட்டிக் கரையில் ஒரு கொடுக்கு கொஞ்சம் சிக்கிக்கொண்டது. அவர் உரையை மெச்சுவது போலத் தலையசைத்துக்கொண்டே, விரல் நுனியால் வேட்டியை மெல்ல இழுத்து விடுவித்துக்கொண்டார்.

"...இந்த ஒரு நோயாளியோடு நின்றுவிடக்கூடாது. அடுத்த மதிப்பீட்டுக்குள் இரண்டாவது இறப்பை உங்களிடம் எதிர்பார்க்கிறோம். இல்லையென்றால் தொகை திரும்பப் பெறப்படும்" என்று தலைவர் முடித்தார்.

கைதட்டல் எழுந்தபோது நண்டு கதவைத் தாண்டியிருந்தது. அன்புச்செல்வி மூலையில் கிடந்த தரை துடைக்கும் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க ஒரு காரணம் வேண்டும்.

வாசல் பள்ளத்தில் நண்டு இறங்கி, ஊதாத் தண்ணீரில் நடந்து, மறுபக்கம் ஏறியது. விதிப்படி கால் நனைத்து அந்த மையத்தை விட்டுப் போன ஒரே கடல்வாழ் உயிரினம் அதுதான். அவள் சாக்கைப் போட்டு அமுக்கிச் சுருட்டினாள்.

மருதாசலம் லாரியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, திரும்ப எப்பங்க கெளம்புறீங்க?"

"பழைய தண்ணியை ஏத்துனதும் கெளம்ப வேண்டியதுதான். பொழுதோட பரங்கிப்பேட்டை போயிருவேன். ஏன் அம்மிணி?"

"இதையக் கொண்டுபோய்க் கடல்ல உட்டுருங்க. சாக்கு காயாமப் பார்த்துக்கோங்க."

"என்னது இது?"

"செத்துப்போன நண்டுங்க."

அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு மூட்டையை வாங்கினார். மறுகணம் "ஐயோ சாமி!" என்று கையை உதறினார். சாக்கின் ஓட்டை வழியாக ஒரு கொடுக்கு அவர் சட்டைக் கையைப் பற்றியிருந்தது.

"செத்ததுங்கற, புடிக்குதே!"

"அது ஆபீசுல செத்துப்போச்சுங்க. மத்தபடி நல்லாத்தான் இருக்குது."

அவர் பலகையின் தங்க எழுத்தைப் பார்த்தார். அவள் ஊதாக் குதிகாலைப் பார்த்தார். அந்த ஆபீஸில் கேள்வி கேட்பதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. சட்டைக் கையைச் சாக்கோடு சேர்த்துப் பிடித்தபடி லாரியில் ஏறினார்.

மறுநாள் காலை இயக்குநர் தனியாக வந்தார். கதவை மூன்று முறை தட்டினார். கையில் ஒரு பொட்டலம் இறால் இருந்தது. அவர் தீபிகாவிடம் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தார், பொதுவாக நண்டுகள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஓடு கழற்றும் என்று. வெறும் அறிவு ஆர்வம்தான் என்று சொல்லியிருந்தார். நேற்றுச் சாக்கோடு வெளியே போனவள் அதைப் பிடித்துத் தொட்டியிலேயே விட்டிருப்பாள் என்று நம்பியிருந்தார்.

அன்புச்செல்வி தொட்டியருகில் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள். அவர் தானே போய் மோட்டாரைப் போட்டார். புதுத் தண்ணீரில் குமிழ்கள் எழுந்தன. குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சுவரில் ஒட்டியிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, மண்டியிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எங்கம்மா?"

"எதுங்க சார்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவளை இந்த நிமிடமே வேலையைவிட்டு நீக்கலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். காரணத்தின் முதல் சொல்லே நண்டாக இருக்கும். அது செத்து, பிளந்து, பெயரிட்டு, தங்கத்தில் எழுதியாகிவிட்டது. இறால் பொட்டலத்திலிருந்து தண்ணீர் சொட்டி வேட்டியை நனைத்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில்.

"ஆமாங்க சார். ஒண்ணுமில்லீங்க."

அவர் அசையவில்லை. அவள் சற்றுப் பொறுத்து, மரியாதையாகக் கேட்டாள்:

"மோட்டாரை நிறுத்திரட்டுங்களா சார்? காலித் தொட்டிதானுங்களே."